சொல் தந்தவர்

பெரியவளுக்கு வயது நாற்பத்தெட்டு. அதில் பத்தொன்பதை அட்டைகளுக்குக் கொடுத்துவிட்டாள். தொழில்களில் புழங்கும் சொற்களைத் திரட்டி அகராதி போடுகிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை. இரண்டாம் மாடியில் மூன்று அறைகள். ஒரு மின்விசிறி சுற்றும், இன்னொன்று சுற்றுவதாகப் பேர் பண்ணும். சுவர் நெடுக இழுப்பறைகள், இழுப்பறை நிறைய உள்ளங்கை அகல அட்டைகள். அட்டையின் தலையில் சொல், அதன் கீழே பொருள், பிறகு மற்ற மொழிகளில் அதற்கு என்ன பெயர், அது எந்த வேரிலிருந்து வந்தது. கடைசி வரிக்குச் 'சொல் தந்தவர்' என்று பெயர். அந்தச் சொல்லை அலுவலகத்து ஆள் முதலில் யார் வாயிலிருந்து கேட்டாரோ அவருடைய பெயரும் தொழிலும் அங்கே வர வேண்டும். புத்தகத்தின் கடைசியில் அந்தப் பெயர்களெல்லாம் பொடி எழுத்தில் வரிசையாக அச்சாகும்.

இந்தக் கடைசி வரிதான் பெரியவளைப் பாடாய்ப் படுத்தியது. குழாய் வேலை செய்யும் ஒருவர் வளைந்த குழாய்த் துண்டுக்கு ஏதோ ஒரு பெயர் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்; அவர் பெயர் புத்தகத்தில். லாரி ஓட்டுகிற ஒருவர் பல்லை நோண்டிக்கொண்டே பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அவர் பெயரும் புத்தகத்தில். அந்தப் பெயர்களையெல்லாம் மணிமணியாக எழுதியவளின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அட்டை எழுதுகிறவர் தானே ஒரு சொல்லைச் செய்தால் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், சொற்களைத் தேர்ந்தெடுக்கும் குழு ஒத்துக்கொண்டால் போதும். பெரியவள் இதுவரை முப்பத்திரண்டு சொல் செய்து கொடுத்திருந்தாள். முப்பத்திரண்டும் போன சுருக்கில் திரும்பி வந்தன.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா யாரு சொல்லுவா?" என்பார் இயக்குநர். அவர் கேட்பதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

பொறாமை அவளுக்குப் புதிதல்ல. அதைச் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டவள் அவளுடைய தங்கை. வீட்டில் ஒருத்தியைப் பெரியவள் என்றும் மற்றவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. சின்னவள் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டாள். அதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் சேர்ந்தாள். இப்போது அங்கே மேஜைக்குத் தலைவி. நாற்பது அடுக்குத் துணியை விரித்து, அதன்மேல் கை, காலர், முன்பக்கம், பின்பக்கம் என்று காகித மாதிரிகளைப் பரப்பி, எதை எப்படித் திருப்பிப் போட்டால் துண்டு விழாது என்று கண்ணாலேயே அளந்துவிடுவாள். இத்தனைக்கும் இடதுகைக்காரி.

அம்மா இருந்தவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சின்னவளைப் பற்றித்தான் பேச்சு. "சின்னவளுக்குக் கையில என்னமோ இருக்கு," என்பாள். "பெரியவ?" என்று யாராவது கேட்டால், "அவ படிச்சவ," என்பாள், ஏதோ தீராத வியாதியைச் சொல்கிற குரலில். பெரியவள் அடுத்த அறையில் இருந்தபடி இதைக் கேட்டுப் பொருமுவாள். அவள் வாங்கிய இரண்டு பட்டங்களும் சட்டம் போட்டு அந்த அறைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

இப்போது இருவரும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். மாடியில் பெரியவள் தனியாக. கீழே சின்னவளும் அவள் புருஷனும். அவர் பஸ் ஓட்டுகிறார், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அந்தப் புருஷன்மேல்கூடப் பெரியவளுக்குக் கொஞ்சம் பொறாமைதான், ஆனால் அது வேறு கதை.

புதிய பதிப்புக்கு வேலை தொடங்கியபோது தண்ணீர் மோட்டார் செய்கிற தொழிற்சாலையிலிருந்து ஒரு பொறியாளர் குழுவுக்கு வந்தார். வந்த அன்றைக்கே பழைய புத்தகத்தைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார். "எஃபிஷியன்சிக்குப் பயனுறுதிறன்னு போட்டிருக்கீங்க. இதை எங்க ஆளுங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள மோட்டார் சூடாயிடும் சார். வேற நல்லதாக் குடுங்க."

இயக்குநர் பெரியவளைப் பார்த்தார். "மூணு மாசம் எடுத்துக்குங்க. நீங்களே செஞ்ச சொல்லா இருந்தா உங்க பேர்லயே போட்டுடலாம். முன்னுரையிலயும் ரெண்டு வரி எழுதுறேன்."

அன்றிலிருந்து பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வரி. பொடி எழுத்தில் தன் பெயர். அது கிடைத்தால் போதும்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று முதலில் பார்த்தாள். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருந்தது: செய்து முடிப்பது என்று பொருள். தொழிற்சாலைக்கு அவர்கள் சொல்லும் சொல்லும் அதே குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் 'திருப்பிக் கொடு' என்கிற வினையிலிருந்து ஒரு சொல் செய்து வைத்திருந்தார்கள்: இயந்திரம் வாங்கியதில் எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதே அவர்கள் கேள்வி. டச்சுக்காரர்களுக்கு அது குறிக்கோளின் அளவுக்குப் பொருந்துவது. ஜெர்மானியர்கள் விளைவுக்குப் படி வைத்து அளந்தார்கள். ஜப்பானியச் சொல்லில் பலனும் விகிதமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ரஷ்யர்கள் 'பயன்தரும் செயலின் விகித எண்' என்று முழ நீளத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, பேசும்போது மூன்றே எழுத்தில் முடித்துக்கொண்டார்கள்.

பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. முன்பின் பார்த்திராத தேசத்து மனிதர்கள்மேல், என்றைக்கோ செத்துப்போன லத்தீன்காரர்கள்மேல்கூட எரிந்தது. ஆளுக்கொரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள்.

தமிழில் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றுக்கு மூக்கு நீளமாக இருந்தது, இன்னொன்றுக்குக் காது பெரிதாக இருந்தது. சிக்கனம் என்றால் செலவைக் குறைக்கிற பேச்சாகப் போய்விடுகிறது. கச்சிதம் என்றால் அழகு சேர்ந்துகொள்கிறது. சாமர்த்தியத்தில் கொஞ்சம் ஏமாற்று வாசனை. லாவகத்தைத் தோண்டினால் வடமொழியின் லாகவம் வந்தது, எடையில்லாத தன்மை. மோட்டாருக்கு அது எப்படிப் பொருந்தும்? தட்சதை என்று வடமொழியில் இன்னொன்று. வலக்கையைக் குறிக்கும் சொல்லோடு அதற்கு உறவு. அதைப் படித்தபோது மட்டும் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இந்த ஒரு சொல்லாவது இடதுகைக்காரியான சின்னவளுக்குப் பொருந்தாது. நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம்.

மூன்றாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே போனாள். சின்னவள் கூடத்துத் தரையில் ஜன்னல் திரைக்கான துணியை விரித்து, வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி இப்படித் தொங்குது?" குண்டூசிகளுக்கு நடுவிலேயே கேட்டாள்.

"உனக்குச் சொன்னாப் புரியாது."

"புரியலன்னா உட்டுடறேன். சொல்லு."

பெரியவள் சொன்னாள். "ஒரு மோட்டாருக்குள்ள நூறு பங்கு கரண்ட் போகுது. எழுபது பங்குதான் தண்ணிய மேல தூக்குது. மிச்சமெல்லாம் சூடாவும் சத்தமாவும் வீணாப் போயிடுது. அந்த எழுபதுக்கு ஒரு பேர் வேணும்."

"வேற பாஷையில என்ன சொல்றாங்களாம்?"

அதையும் சொன்னாள். சின்னவள் ரஷ்யர்களின் நீளத்தைக் கேட்டுச் சிரித்ததில் ஒரு குண்டூசி விழுந்தது. "பிரெஞ்சுக்காரன்தான் நம்ம ஆளு. வாங்குனதைத் திருப்பிக் குடுத்தியான்னு கேக்குறான்," என்றாள். பிறகு துணியை ஒருமுறை திருப்பிப் போட்டுக்கொண்டே, "நாங்க கண்டுமுதல்னு சொல்லுவோம்," என்றாள்.

"என்னது?"

"நூறு மீட்டர் மேஜைக்கு வருதுன்னு வை. அதுல தொண்ணூறு மீட்டர் சட்டையாப் போச்சுன்னா கண்டுமுதல் தொண்ணூறு. துணிக்குன்னு இல்ல, எல்லாத்துக்கும் சொல்லுவோம். எங்க சூப்பர்வைசருக்கு வாய் நூறு, கண்டுமுதல் பத்து."

"அது நெல்லுக்குச் சொல்ற வார்த்தைடி. அடிச்சுத் தூத்தினப்புறம் கைக்கு எவ்வளவு வந்துச்சுங்கிறது."

"இருக்கட்டுமே. அவங்களுக்கு நெல்லு, எங்களுக்குத் துணி, உனக்குத் தண்ணி. நான் வேலையில சேர்றப்பவே எல்லாரும் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை அவளே ஓர் அட்டையில் எழுதி, விவசாயம் என்று தலைப்பிட்ட இழுப்பறையில் போட்டு மூடியிருந்தாள். அதை வெளியே எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. மூன்று மாதம், ஏழு மொழி, இரண்டு பட்டம். சின்னவளுக்கோ வாயில் குண்டூசியோடு வந்து விழுகிறது. பெரியவள் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். தங்கை நாசமாய்ப் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. தங்கைக்கு இது மட்டும் கிடைக்காமல் போகட்டும் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை அட்டை எழுதினாள். பொருள், மொழிகள், வேர் எல்லாம் அழகாக விழுந்தன. கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு தன் பெயரை எழுதினாள். நெல்லிலிருந்து இயந்திரத்துக்குச் சொல்லை இழுத்துக்கொண்டு வந்தது நான்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதை அவளே நம்பவில்லை.

குழுவில் இயக்குநர் அட்டையை உரக்கப் படித்தார். பொறியாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மோட்டாரின் கண்டுமுதல் எழுபது. கேக்கவே நல்லா இருக்கே. இதை எங்க புடிச்சீங்கம்மா?"

"நானே யோசிச்சதுதான் சார்."

"முப்பத்திமூணாவது," என்று இயக்குநர் சிரித்தார். அவர் எண்ணிக்கை வைத்திருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறையாக எல்லோரும் பாராட்டினார்கள். அவளும் சிரித்தாள்.

அந்த அலுவலகத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. குழு ஒத்துக்கொண்ட சொல்லை எடுத்துக்கொண்டு வேறோர் ஆள் மூன்று தொழிலிடங்களுக்குப் போவார். அங்கே வேலை செய்கிறவர்களிடம் சொல்லிப் பார்த்து, அவர்களுக்குப் புரிகிறதா, யாராவது ஏற்கெனவே சொல்கிறார்களா என்று கேட்டு வருவார். இருபது வருடமாக இந்த வேலையைச் செய்து வந்தவரைக் கேள்விக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அந்த வாரம் அவர் தன் பட்டியலைப் படித்தார்: மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை, ரொட்டித் தொழிற்சாலை, சட்டைத் தொழிற்சாலை.

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. "சட்டைக்கும் மோட்டாருக்கும் என்ன சார் சம்பந்தம்? மாவு மில்லுக்குப் போங்களேன். பக்கத்துலயே இருக்கு."

"மாவு மில்லுல சத்தம் ஜாஸ்தி மேடம். ஒண்ணும் காதுல விழாது."

அவர் போய் வந்த மூன்று நாளும் அவள் இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்வது? கீழே போய்த் தங்கையிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை படி இறங்கினாள். இரண்டு முறையும் பாதியிலேயே திரும்பினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கேள்விக்காரர் வந்தார். "மேடம், பட்டறையில சொன்ன உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. ரொட்டிக்காரங்க கொஞ்சம் முழிச்சாங்க. சட்டைக் கம்பெனியில பாத்தா, வெட்டுற மேஜையில எல்லாருமே அதைத்தான் சொல்றாங்க. எனக்கு ஒரே ஆச்சரியம். யாரு ஆரம்பிச்சதுன்னு கேட்டு அட்டையைக் காட்டினேன். தலைவியம்மா வாங்கிப் பாத்தாங்க. உங்க தங்கச்சியாமே? 'இது எங்க அக்கா வீட்ல சொல்ற வார்த்தை, நான்தான் இங்க கொண்டாந்தேன்'னு சொன்னாங்க. விஷயம் தீந்துது."

பெரியவள் தலையாட்டினாள். பிழைத்துவிட்டோம் என்று மனசு இலேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சின்னவள் கடைசி வரியைப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, கண்ணிமைக்காமல் பொய் சொல்லி, அந்தப் பெயரை அக்காளுக்குக் கொடுத்திருக்கிறாள். சொல்லும் அவளுடையது, பெருந்தன்மையும் அவளுடையது. இதிலும் அவளே முந்திக்கொண்டாள். பெரியவளுக்கு இப்போது எரிந்ததுபோல முன்பு எப்போதும் எரிந்ததில்லை.

சாயங்காலம் நேரே கீழ் வீட்டுக்குப் போனாள். சின்னவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"தெரியாத மாதிரி நடிக்காத. அந்த வார்த்தை நான் சொன்னதுன்னு ஏன் சொன்ன?"

சின்னவள் தோளைக் குலுக்கினாள். "உன் பேர் அதுல எழுதியிருந்துச்சு. உனக்கு அது வேணும் போலன்னு நெனச்சேன். உன் பேரு அந்தப் புத்தகத்துல நூறு எடத்துல இருக்கும், இது நூத்தி ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்."

"ஒரு எடத்துலயும் இல்ல."

"என்னக்கா சொல்ற?"

"ஒண்ணுகூட இல்லடி. பத்தொம்பது வருஷத்துல ஒண்ணுகூட இல்ல."

கத்தி நின்றது. சின்னவள் திரும்பி அக்காளின் முகத்தைப் பார்த்தாள். "நெஜமாவா? அப்ப நான் இத்தனை வருஷம் சும்மாவா வயிறெரிஞ்சேன்? அவ பேரு அச்சுல வருது, ஊரெல்லாம் படிக்குது, நம்ம பேரு சம்பளச் சீட்டுலதான் வருதுன்னு நான் எத்தனை நாள் பொருமியிருக்கேன் தெரியுமா? உன் புத்தகத்தை ஒரு தடவை தொறந்துகூடப் பாத்ததில்ல, பாத்தா தாங்காதுன்னுதான்."

பெரியவளுக்கு அந்த நிமிடம் தேனாக இனித்தது, அதை மறைத்துப் பயனில்லை. சின்னவள், கையில் என்னமோ இருக்கிற சின்னவள், தன்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். ஆனால் சின்னவள் முகத்தில் எரிச்சலைக் காணோம். மெள்ள மெள்ள இரக்கம் வந்துகொண்டிருந்தது. "பாவம்க்கா நீ," என்று வேறு சொல்லிவிட்டாள். பெரியவள் வெளியே வந்தாள். தங்கைமேல் பொறாமைப்பட அவளால் முடியும், சாகும்வரை முடியும். தங்கை போட்ட பிச்சையைப் புத்தகத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ள மட்டும் முடியாது.

மறுநாள் காலை இயக்குநரின் அறைக்குப் போய் அட்டையை மேஜையில் வைத்தாள். கடைசி வரியை அடித்து, சின்னவளின் பெயரையும் தொழிலையும் எழுதியிருந்தாள்.

"என்னம்மா திருத்தம்?"

"சொல் அவளுது சார். நான் கேட்டதை நான் செஞ்சதுன்னு எழுதிட்டேன்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எத்தனை அட்டை எழுதியிருக்கீங்க?"

"பதினோராயிரத்துச் சொச்சம்."

"ஒண்ணுல பொய் இருந்தா மத்ததை எப்படிம்மா நம்புறது?" என்றார். அன்றைக்கே கேள்விக்காரர் அவளுடைய இழுப்பறைகளிலிருந்து கைக்கு வந்தபடி இருநூறு அட்டையை உருவிக்கொண்டு போனார். இருநூறும் சுத்தமாக இருந்தன. அதனால் வேலை போகவில்லை. முன்னுரையில் எழுதுவதாகச் சொன்ன இரண்டு வரி மட்டும் போயிற்று. அச்சு ஒரு மாதம் தள்ளிப்போனது. யாரும் அவளிடம் காரணம் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

புத்தகம் வந்த அன்று அலுவலகம் அவளுக்குக் கொடுத்த ஒரே பிரதியை எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போனாள். கொடுத்துவிட்டு உடனே வந்துவிட வேண்டும் என்றுதான் போனாள்.

சின்னவள் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எங்கக்கா?" பெரியவள் கடைசிப் பக்கங்களைப் புரட்டி விரலை வைத்தாள். சின்னவள் தன் பெயரை எழுத்துக்கூட்டுகிறவள் மாதிரி படித்தாள். 'துணி வெட்டுநர்' என்பதை இரண்டாம் தரம் படித்தாள். புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "சின்ன எழுத்தாப் போட்டுட்டாங்களே," என்றார். "அதனால என்ன," என்றாள் அவள். எனக்கென்ன என்று விட்டுக்கொடுத்தவள்தான். இப்போது கண் கலங்கியிருந்தது.

பிறகு எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். பெரியவள் புரிந்துகொண்டு வாயைத் திறப்பதற்குள் இடது கையால் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டாள். "மேஜைக்கு மேல ஒட்டப்போறேன். எல்லாரும் பாக்கட்டும்," என்றாள். மிச்சப் புத்தகத்தை, எண்ணூற்றுச் சொச்சம் பக்கத்தை, மூடி அக்காளிடம் நீட்டினாள். "இந்தா. இது உனக்கு வேலைக்கு ஆகும்ல."

பெரியவள் அதை வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள். கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அத்தனை பொடி எழுத்தில், மேல் வரியிலும் கீழ் வரியிலும் ஒரு புள்ளிகூடச் சேதமில்லாமல் வெட்டியிருந்தாள்.